பாலைக்குப் பச்சை பூசியவர்கள்

1951ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் ராஞ்சோ மிராஜ் பாலைநிலத்தில், குதிரைப் பண்ணை விடுதி ஒன்று பதினெட்டுக் குழிக் கோல்ஃப் மைதானமாயிற்று. தண்டர்பேர்ட் கன்ட்ரி கிளப் என்பது அதன் பெயர். புல்வெளியை ஒட்டி மனைகள் விற்கப்பட்டன. அந்தக் கோச்செல்லா பள்ளத்தாக்கில் இன்று நூறுக்கு மேற்பட்ட மைதானங்கள் உள்ளன. வெறும் மணலைச் சோலையாக்கியதாக அவற்றை விற்றோர் பெருமை பேசுவர். அந்த 'வெறும்' என்ற அடைமொழியில்தான் கயமை இருக்கிறது.

அம்மணலில் கவீயா மக்கள் இறங்கி நீர் முகக்கும் கிணறுகளைக் கையால் தோண்டி வாழ்ந்திருந்தனர். அவர்களுள் அகுவா கலியென்தே குழுவினர் 2013இல் நீர் வாரியங்கள்மீது வழக்குத் தொடுத்தனர். நிலத்தடி நீரிலும் அவர்களுக்கு உரிமையுண்டென மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2017இல். அதற்குள் மைதானங்களுக்கு அறுபதாண்டு வயதாகிவிட்டது.

திருவனந்தபுரம் கவடியாரின் ஒன்பது குழி மைதானத்துக்கு மழையேனும் உண்டு. பாலையில் அதுவும் இல்லை. அங்கே ஒவ்வொரு புல்லும் பிறர் நீரைக் குடித்தே நிற்கிறது.

வெள்ளறடை வாசகருக்கு இது தொலைதூரக் கதையன்று. எல்லை தாண்டினால் விளவங்கோடு வட்டம். நெய்யாற்று இடதுகரைக் கால்வாயில் அவ்வட்டத்துக்கு 2004 முதல் நீர் விடப்படவில்லை. 2012இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் சென்றது. நீரற்றுப்போன வயலில் ரப்பர் நட்டவனைப் பார்த்து, நெல்லே இல்லாத ஊருக்கு ஆற்றுநீர் எதற்கு என்று கேட்பவரும் அதே அடைமொழியைத்தான் கையாள்கிறார்.