நார்வுட் தொகுதியின் கதை

தேர்தல் தொகுதி என்பது என்ன? பூகோள படத்தில் கிழித்த சில கோடுகள்தானே? இதில் சுவாரஸ்யத்துக்கு என்ன இருக்கிறது என்று நேயர்கள் நினைக்கலாம். கோட்டைக் கிழிக்கும் கை யாருடையது என்று கேட்டுப் பார்த்தால் சுவாரஸ்யம் தானே வந்துவிடும். ஆஸ்திரேலியாவில், அடிலெய்டு நகரத்தின் கிழக்குப் புறத்தை ஒட்டியுள்ள நார்வுட் தொகுதியின் சரித்திரம் இதற்கு நல்ல உதாரணம்.

தெற்கு ஆஸ்திரேலியா ஜனநாயகத்தில் பின்தங்கிய ராஜ்யமன்று. ஸ்திரீகளுக்கு வோட்டுரிமையையும், சட்டசபைக்கு நிற்கும் உரிமையையும் வழங்க 1894-ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்த பெருமை அதற்கு உண்டு. ஆயினும் 1936-ல் அங்கே இயற்றிய ஒரு சட்டம், சட்டசபையின் 39 ஸ்தானங்களில் 26-ஐ நாட்டுப்புறத்துக்குக் கொடுத்து, 13-ஐ மட்டும் நகரத்துக்கு ஒதுக்கிற்று. ஜனங்களில் பாதிக்கு மேற்பட்டோர் நகரத்தில்தான் வசித்தார்கள்! அந்தப் பதின்மூன்றில் ஒன்றாக 1938-ல் பிறந்ததே நார்வுட்.

வகுப்பில் சட்டாம்பிள்ளையைத் தேர்ந்தெடுக்கிறோம் என்று வைத்துக் கொள்வோம். பின் பெஞ்சிப் பையன் கை தூக்கினால் இரண்டு, முன் பெஞ்சிப் பையன் கை தூக்கினால் ஒன்று என்று எண்ணினால் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? அந்த ராஜ்யத்துப் பெரியவர்கள் முப்பது வருஷத்துக்கு மேல் இந்தக் கணக்கைத்தான் போட்டுக் கொண்டிருந்தார்கள். தாமஸ் பிளேபோர்டு என்பவர் 1938 முதல் 1965 வரையில் பிரதம மந்திரியாக இருந்தார். 1962 தேர்தலில் தொழிற் கட்சிக்கு 19 ஸ்தானமும் அவர் கட்சிக்கு 18-ம் கிடைத்தன. அப்படியும் இரண்டு சுயேச்சை அங்கத்தினரின் தயவால் அவரே பதவியில் நீடித்தார்.

நார்வுட்டில் 1953-ல் டான் டன்ஸ்டன் என்னும் இளம் வக்கீல் வெற்றி பெற்றார். அப்போது அவருக்கு வயது 26. பிஜித் தீவின் சுவா நகரில் பிறந்தவர் அவர். தொகுதியில் குடியேறியிருந்த இத்தாலியரையும் கிரேக்கரையும் அந்நியராக எண்ணாமல் அவர்களோடு நெருங்கிப் பழகினார். மந்திரியானதும், நிறத்தையும் இனத்தையும் காட்டி மனிதரை ஒதுக்குவதைத் தடுக்கும் சட்டத்தை 1966-ல் நிறைவேற்றினார். 1967-ல் பிரதம மந்திரியானார். 1968 தேர்தலில் அவருடைய கட்சி நூற்றுக்கு 50-க்கு மேல் வோட்டுப் பெற்றது. ஆனால் இரு கட்சிக்கும் ஆளுக்கு 19 ஸ்தானமே கிடைத்தன. எஞ்சிய சுயேச்சை ஒருவர் எதிர்ப்பக்கம் சாயவே, டன்ஸ்டன் பதவியிழந்தார்.

இங்கேதான் விசேஷம். பதவிக்கு வந்த ஸ்டீல் ஹால், தமக்கு அநுகூலமான அந்த முறையைத் தாமே திருத்தினார். ஸ்தானங்களை 47 ஆக்கி, நகரத்தின் பங்கை உயர்த்தினார். பலன், 1970-ல் அவரே தோற்றார். டன்ஸ்டன் திரும்பி வந்தார். டன்ஸ்டனுக்குச் சிலை வைப்போர் ஹாலுக்கும் ஒரு மாலை போடுவதே நியாயம். 1975-ல் எல்லை வகுக்கும் வேலை கட்சிகளின் கையிலிருந்து ஒரு சுதந்திரமான கமிஷனிடம் ஒப்புவிக்கப்பட்டது.

டன்ஸ்டன் தேக அசௌக்கியத்தால் 1979-ல் விலகினார். 1999-ல் காலமானார். 2014 தேர்தல் முதல் நார்வுட் தொகுதிக்கு அவர் பெயரையே சூட்டினார்கள். ஆனால் அந்தத் தேர்தலில் டன்ஸ்டன் தொகுதி தேர்ந்தெடுத்தது எதிர்க் கட்சித் தலைவரான ஸ்டீவன் மார்ஷலை! 2018-ல் அவர் பிரதம மந்திரியும் ஆனார். 2022-ல் அவருடைய மந்திரி சபை வீழ்ந்தது. 2024-ல் அவர் விலகியபின் நடந்த உப தேர்தலில் தொகுதி மறுபடியும் தொழிற் கட்சிக்குப் போயிற்று.

பெயர்ப் பலகையில் ஒரு கட்சித் தலைவரின் நாமம் இருக்க, வோட்டுப் பெட்டியில் வேறு கட்சி ஜயித்ததைக் கண்டு சிலர் சிரிக்கலாம். நமக்கென்னவோ, டன்ஸ்டனுக்கு இதைவிடச் சிறந்த மரியாதை கிடையாதென்று தோன்றுகிறது. ஜனங்கள் தங்கள் இஷ்டப்படி வோட்டுப் போட, அந்த வோட்டுக்கள் யாவும் சமமாக எண்ணப்பட வேண்டும் என்பதற்காகத்தானே அவர் அவ்வளவு காலம் போராடினார்?