புல்லு மட்டும் இருக்கிற மலைக்கும் போங்க

பௌர்ணமி வந்தா நம்ம சிங்கப்பெருமாள் கோயில்ல கூட்டம் தாங்காது. பாடலாத்ரி நரசிம்மர் குடைவரைக்குள்ள இருக்கார். அவரைச் சுத்தணும்னா மலையையே சுத்தி வரணும். ஞாயித்துக்கிழமைன்னா கூட்டம் மாமல்லபுரம் பக்கம். போகட்டும், பூ விக்கிறவங்களுக்கும் இளநீர்க் கடைக்கும் அதுதானே பிழைப்பு.

ஆனா ஒரு நாளாவது கூட்டமில்லாத மலையில நடந்து பாருங்க. செங்கல்பட்டுக்குப் பக்கத்துல வல்லம் இருக்கு. மகேந்திரவர்ம பல்லவன் காலத்துல, சுமார் 1400 வருஷத்துக்கு முன்னாடி, அவனுக்குக் கீழே இருந்த கந்தசேனன் குடைஞ்ச கோயில் அங்க இருக்கு. மாமல்லபுரத்து ரதங்களுக்கு அது மூத்தது. ஒரே குன்றுல மூணு குடைவரை.

கோயிலே இல்லாத குன்றுகளும் நம்ம பக்கம் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழை முடிஞ்சதும் பச்சைப் புல்லு முழங்கால் உயரம் நிக்கும். பங்குனியில காஞ்சு வைக்கோல் நிறமாயிடும். பார்க்கிறவங்க "சும்மா கிடக்கிற இடம்"னு சொல்றாங்க. எனக்கு அதுதான் பொறுக்கல.

அது சும்மா கிடக்கல. பெய்யிற மழையைப் புல்லுதான் நிறுத்தி மண்ணுக்குள்ள இறக்குது. புல்லு போனா மண்ணு கரைஞ்சு ஏரியில வண்டலா சேரும். ஏரி மேடானா கீழே இருக்கிற நம்ம நெல்லுக்குத் தண்ணி ஏது? ஆடு மாடு வச்சிருக்கிறவங்களுக்கும் இதுதான் ஆதாரம். 2022 மார்ச்சுல சென்னை உயர் நீதிமன்றம் எல்லாக் காட்டுலயும் மாடு மேய்க்கத் தடை போட்டுது. அப்புறம் அதே மாசம் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகத்துக்கு மட்டும்னு மாத்துச்சு. நடுவுல மாடு வச்சிருந்தவங்க கலங்கிப் போனாங்க.

நம்ம மாவட்டத்துல எத்தனையோ குன்று ஜல்லியாவும் எம்-சாண்டாவும் லாரி ஏறிடுச்சு. யாரும் நடக்காத மலைக்காகப் பேச ஆள் இருக்காது. நாலு பேர் வந்து போற மலைன்னா, வெடிச்சத்தம் கேட்ட அன்னைக்கே கேள்வி வரும். அதுக்காகத்தான் வாங்கன்னு கூப்பிடறேன். ரோடு, விளக்கு, பூங்கான்னு அங்க எதுவும் கேட்காதீங்க. ஒத்தையடிப் பாதை போதும்.

விடியக்காலையில வாங்க. புல்லுக்குள்ள பாம்பு இருக்கும், பார்த்துக் கால் வையுங்க. பீடி, சிகரெட் வேண்டாம். காஞ்ச புல்லுக்கு ஒரு பொறி போதும். கொண்டு வந்த பிளாஸ்டிக்கைத் திரும்ப எடுத்துட்டுப் போங்க, மாடு தின்னா செத்துடும். ஆடு மேய்க்கிறவர் இருந்தா அவர்கிட்ட வழி கேளுங்க. அவருக்குத் தெரியாத பாறை அங்க கிடையாது.