எண்ணெய் முதலா, தண்ணீர் முதலா?



பட்டணத்துத் தொழிற்சாலையில் வேலை செய்யும் மகள், மாதக் கடைசியில் தோட்டத்துக்கு வரும்போதெல்லாம் நாலைந்து புட்டிகளை வாங்கி வந்து அலமாரியில் அடுக்கிவிட்டுப் போகிறாளாம். ஷாம்பூ, கண்டிஷனர், பால்போல ஒரு கிரீம், வழவழவென்று ஒரு சீரம். எதை முதலில் போடுவது, எதைப் பிறகு போடுவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் ஒன்றாகக் குழைத்து அப்பிக்கொண்டேன் என்று ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். "நாங்கள் காலங்காலமாக எண்ணெய் வைத்துவிட்டுத் தலை முழுகுகிறோம். மகளோ, முழுகிய பிறகுதான் எண்ணெய் வைக்க வேண்டும் என்கிறாள். யார் சொல்வது சரி, டீச்சர்?" என்பது அவர் கேள்வி.

படித்ததும் சிரிப்பு வந்தது உண்மைதான். ஆனால் இதே விஷயத்தில் என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி பட்ட பாடு நினைவுக்கு வந்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. அதில் என் குற்றமும் உண்டு. அதைச் சொல்லிவிட்டே பதிலுக்கு வருகிறேன்.

நான்காம் ஆண்டில் படித்தாள் அந்தப் பிள்ளை. இடுப்பைத் தொடும் முடி. இரட்டைச் சடை போட்டு, ரிப்பன் வைத்து மடித்துக் கட்டி, பார்க்க லட்சணமாகத்தான் வருவாள். ஆனால் பத்து மணி ஓய்வு வேளைக்குள் தலையிலிருந்து ஒரு வாடை கிளம்பும். நனைந்த துணியைச் சுருட்டிப் பெட்டிக்குள் போட்டு மறந்துவிட்டால் வருமே, அந்த வாடை. அதனோடு சிக்கெண்ணெய் நாற்றமும் சேர்ந்திருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் வேறு இடம் கேட்டாள். காரணத்தை விசாரிக்காமல் நானும் மாற்றிக் கொடுத்தேன். ஆசிரியரே இடத்தை மாற்றிவிட்டால் மற்றப் பிள்ளைகளுக்குக் கேட்கவா வேண்டும்? ஒரு வாரத்தில் அவளுக்குப் பட்டப்பெயரும் வந்துவிட்டது. அது என்னவென்று இங்கே எழுதப்போவதில்லை.

ஒரு திங்கட்கிழமை அவள் ஒரு சடையோடு வந்தாள். மற்றதைக் கத்தரிக்கோலால் தானே வெட்டிக்கொண்டிருக்கிறாள். காதுக்குக் கீழே குச்சி குச்சியாக நின்றது முடி.

மறுநாள் அவள் தாயார் வந்தார். செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்குகிறவர். வேலை உடையோடு வகுப்பு வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை. "சுத்தமாத்தான் அனுப்புறேன் டீச்சர். தினமும் தலைக்கு ஊத்தித்தான் அனுப்புறேன்" என்றார். அந்த 'தினமும்' என்ற சொல்லைக் கேட்ட பிறகுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது.

ஆறு மணிக்கு அவர் பெரட்டுக்கு நிற்க வேண்டும். அதனால் ஐந்து மணிக்கே பிள்ளையை எழுப்பித் தலைக்கு ஊற்றி, சொட்டச் சொட்ட எண்ணெய் வைத்து, ஈரத்தோடு இறுக்கிப் பின்னிவிடுவார். தண்ணீர், எண்ணெய், சடை. புட்டிக்காரர்கள் சொல்லும் வரிசைப்படி பார்த்தால் அவர் செய்தது சரிதான். தண்ணீருக்கும் சடைக்கும் நடுவில் தலை காய்வதற்கு நேரம் இல்லை என்பது ஒன்றுதான் குறை.

இப்போது கேள்விக்கு வருவோம். முடியின் மேல்தோலை நுண்ணோக்கியில் பார்த்தால் அத்தாப்புக் கூரை மாதிரி இருக்கும். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய செதில்கள், வேரிலிருந்து நுனியை நோக்கிப் படிந்திருக்கும். தண்ணீர் பட்டால் முடி ஊறிப் பருத்து, செதில்கள் லேசாகத் தூக்கிக்கொள்ளும். உலர்ந்தால் மறுபடி படியும். ஊறுவதும் உலர்வதுமாகவே இருந்தால் கூரை நைந்துபோகிறது. சவர்க்காரக் கட்டியால் தலை தேய்த்தால் இன்னும் மோசம். அதிலுள்ள காரம் செதில்களை அதிகமாகக் கிளப்பிவிடும்.

முடிக்குக் குளுமை தருவது எண்ணெய் என்று நாம் நினைக்கிறோம். ஈரப்பசை தருவது தண்ணீர்தான். எண்ணெயில் தண்ணீரே கிடையாது. எண்ணெய் மூடி போடுகிற வேலையைச் செய்கிறது. உள்ளே இருக்கும் ஈரத்தைச் சீக்கிரம் போகவிடாது; வெளியே இருக்கும் ஈரத்தைச் சுலபமாக உள்ளே விடாது. சட்டியில் தண்ணீர் ஊற்றிவிட்டு மூடினால் தண்ணீர் உள்ளே நிற்கும். மூடிவிட்டு மேலே ஊற்றினால் வழிந்து ஓடும். அதனால் வரிசை முக்கியம்தான். தண்ணீர் போன்றது முதலில், பால் போன்றது அடுத்து, எண்ணெயோ சீரமோ கடைசியில். மகள் சொன்னதும் அதுதான்.

அப்படியானால் தீபாவளி விடியலில் எண்ணெய் வைத்துவிட்டுத் தலை முழுகுகிறோமே, அது தவறா? தவறில்லை. அந்த எண்ணெய்க்கு வேலை வேறு. முழுகுவதற்கு முன்பு வைக்கும் எண்ணெய், தண்ணீர் அளவுக்கு மீறி முடிக்குள் புகுந்து ஊற வைக்காமல் தடுக்கிறது. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறையப் பாதி லாரிக் அமிலம் என்னும் கொழுப்பு. அதன் மூலக்கூறு சிறியது, நீண்டு நேராக இருப்பது. அதனால் முடிக்குள்ளேயே நுழைகிறது. 2003-ஆம் ஆண்டில் ரேலே, மொஹிலே என்ற இரு இந்திய ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெயையும் சூரியகாந்தி எண்ணெயையும் கச்சா எண்ணெயிலிருந்து சுத்திகரித்து எடுக்கும் கனிம எண்ணெயையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முடியிலுள்ள புரதம் கழன்று போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. குளிப்பதற்கு முன் தடவினாலும் குறைத்தது, பின் தடவினாலும் குறைத்தது. ஆய்வு நடந்தது தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனம் ஒன்றின் கூடத்தில் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இருந்தாலும் நம் பாட்டிமார் கைக்கு எட்டியதை வைத்துச் செய்தது வீண் போகவில்லை என்பதில் எனக்கு ஒரு திருப்தி.

ஆக, அந்தச் சகோதரியும் சரி, அவர் மகளும் சரி. முன்னே வைக்கிற எண்ணெய் காவலுக்கு. பின்னே வைக்கிற எண்ணெய் மூடிக்கு. முன்னே வைப்பதைக் கொஞ்சம் தாராளமாக வைக்கலாம், எப்படியும் கழுவிவிடுவோம். பின்னே வைப்பது உள்ளங்கையில் நாலைந்து சொட்டு போதும். இரண்டு கையிலும் தேய்த்து, முடியின் பாதியிலிருந்து நுனி வரை தடவ வேண்டும், செதில் படிந்திருக்கிற திசையிலேயே. அதுவும் தண்ணீர் சொட்டும் தலையில் வேண்டாம். துண்டால் ஒற்றியெடுத்து, முக்கால் பங்கு உலர்ந்து, தொட்டால் லேசாக ஜில்லென்று இருக்கிற பதத்தில் வைக்க வேண்டும். கேமரன் மலையில் இருப்பவர்களுக்கு எண்ணெய் உறைந்து கிடக்கும். தேங்காய் எண்ணெய் 24, 25 பாகை வெப்பத்துக்குக் கீழே போனாலே கட்டியாகிவிடும். அடுப்பில் வைக்க வேண்டியதில்லை, உள்ளங்கைச் சூடே போதும்.

கண்டிஷனர் ஷாம்பூவுக்குப் பிறகுதான். மண்டைத்தோலில் பூசாமல் நுனிமுடியில் பூசி, இரண்டு நிமிடம் விட்டு அலசிவிடுங்கள். நான்கு புட்டியும் எல்லாருக்கும் தேவை என்று நான் சொல்லவில்லை. ஷாம்பூவும் தேங்காய் எண்ணெயும் இருந்தாலே பாதித் தோட்டத்துக்குப் போதும்.

மண்டைத்தோல் வேறு கதை, தாய்மார்களே. முடி உயிரில்லாதது, தோல் உயிருள்ளது. எண்ணெய்ப்பசையைத் தின்று வாழும் ஒரு வகைக் காளான் நம் எல்லார் தலையிலும் இருக்கிறது. நம் நாட்டுப் புழுக்கத்தில், ஈரமும் வியர்வையும் எண்ணெயும் சேர்ந்து மணிக்கணக்கில் மூடிக் கிடந்தால் அது பெருகும். பொடுகும் அரிப்பும் வருவதற்கு அதுவே பெரிய காரணம். பொடுகு உள்ள தலையில் மேலும் மேலும் எண்ணெய் தேய்ப்பது அதற்குச் சோறு போடுவதுபோல. அப்படிப்பட்டவர்கள் எண்ணெயை முடியோடு நிறுத்திக்கொண்டு, கிளினிக்கில் கேட்டுப் பொடுகு ஷாம்பூ வாங்கிப் பாவிக்க வேண்டும்.

இதையெல்லாம் அந்தத் தாயாரிடம் சொல்லி, காலையில் தலைக்கு ஊற்ற வேண்டாம் என்றேன். வாரத்தில் இரண்டு மூன்று நாள், வேலை முடிந்து வந்த பிறகு, வெயில் இருக்கும்போதே ஊற்றுங்கள். காலையில் உலர்ந்த முடியை வாரிப் பின்னினால் போதும், ஈரமுடி இழுபட்டு அறுந்துபோகும் என்றேன். அவர் தலையை ஆட்டவில்லை.

"காலையில ஊத்தலன்னா பிள்ளைக்குச் சூடு ஏறிடும் டீச்சர்" என்றார் முதலில். பிறகு, குரலைத் தாழ்த்தி, "நான் வந்து சேர்றதுக்கும் அவ டியூஷன் போறதுக்கும் சரியா இருக்கு. ராத்திரி ஆனா எனக்குக் கண்ணு சொருகிடும். விடியக்காலையில அந்த அரை மணி நேரம்தான் டீச்சர் என் பிள்ளைய நான் தொடுறதே" என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. ஆசிரியர் பயிற்சியில் எத்தனையோ கற்றுக்கொடுத்தார்கள். இதற்கு என்ன பதில் சொல்வது என்று கற்றுக்கொடுக்கவில்லை.

கடைசியில் இருவருமாக ஒரு வழி கண்டோம். புதன்கிழமை டியூஷன் கிடையாது. அன்றைக்கும் சனிக்கிழமைக்கும் பிற்பகலில் எண்ணெய் வைத்து அரை மணி ஊறவிட்டு, ஷாம்பூ போட்டு அலசி, வாசல் படியில் உட்கார வைத்துக் காயவிடுவது. காலை அரை மணி அவருக்கே இருக்கட்டும். தண்ணீர் மட்டும் வேண்டாம், சீப்பு போதும். மிஞ்சியிருந்த சடையையும் அவரே தோள் அளவுக்கு வெட்டிச் சமப்படுத்தினார். வெட்டிய முடியை என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை.

வகுப்பில் நான் செய்ததையும் சரிசெய்ய வேண்டியிருந்தது. இடத்தை மாற்றிக் கொடுத்தது என் தவறு என்று எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் அவளிடம் சொன்னேன். பட்டப்பெயர் அதனால் உடனே நின்றுவிடவில்லை. இரண்டு பேரை அழைத்துக் கண்டித்த பிறகே ஓய்ந்தது.

வாடை போக மூன்று வாரம் ஆயிற்று; தலையணை உறையையும் சீப்பையும் சேர்த்துக் கழுவச் சொல்ல நான் மறந்திருந்தேன். நீங்கள் மறந்துவிடாதீர்கள். பழைய தோழி அவள் பக்கத்துக்குத் திரும்பி வரவேயில்லை. புதிதாகச் சேர்ந்த வேறொரு பிள்ளை வந்து உட்கார்ந்தாள், அவளுக்குப் பழைய கதை எதுவும் தெரியாது. இப்போது ஐந்தாம் ஆண்டு. முடி மறுபடி முதுகில் இறங்கியிருக்கிறது. போன வாரம் ஓய்வு வேளையில் ஓடி வந்து, "டீச்சர், மோந்து பாருங்க" என்று தலையை நீட்டினாள். குனிந்து மோந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய் வாசம்தான், கொஞ்சமாக.