வைப்பதற்கு முன் ஒரு வார்த்தை

எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பையன் ஆம்பூர்ப் பக்கம் தோல் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறான். போன மாதம் வந்து புலம்பினான். "சார், எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் தோல் நாரைப் பார்த்தால் ஓரமெல்லாம் ரம்பப் பல் மாதிரி தெரிகிறது. கம்பெனி ஆள் மூன்று முறை வந்து பார்த்துவிட்டார். மெஷினில் கோளாறே இல்லையாம்."

கடைசியில் கண்டுபிடித்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் புதிதாக ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வைத்திருக்கிறார்கள். கரண்ட் ஓடும் இடத்தில் காந்தப்புலம் உண்டு. நம் மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. காந்தப்புலமும் அதே வேகத்தில் ஆடும், எலக்ட்ரான் கற்றையையும் கூடவே ஆட்டும். செங்கல் சுவர் இதைத் தடுக்காது. புதுச்சேரியில் நான் பிரெஞ்சில் படித்தபோது காந்தத்துக்கு 'ஏமான்' என்று சொல்லித் தந்தார்கள். 'அன்பு செலுத்துகிற' என்றும் அதற்குப் பொருள் உண்டு. அன்பு சுவரைப் பார்த்தா நிற்கும்?

பம்பாயில் இதே சிக்கலை நூறு வருஷத்துக்கு முன்பே அழகாகச் சமாளித்தார்கள். கொலாபா ஆய்வகத்தில் 1841 முதல் பூமியின் காந்தத்தை அளந்து வந்தார்கள். 1859 செப்டம்பரில் வந்த பெரிய காந்தப் புயல்கூட அங்கே பதிவாகியிருக்கிறது. ஊருக்குள் மின்சார டிராம் வரப்போகிறது என்றதும், அதன் மின்சாரம் அளவுகளைக் கெடுத்துவிடும் என்று உணர்ந்தார்கள். நானாபாய் மூஸ் இயக்குநராக இருந்த காலம் அது. சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி அலிபாக்கில், காந்தம் ஒட்டாத பொருள்களைக் கொண்டு புதுக் கட்டடம் எழுப்பினார்கள். 1904 முதல் 1906 வரை இரண்டு இடத்திலும் சேர்த்தே அளந்து, கணக்கு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகுதான் கொலாபாவில் காந்த அளவை நிறுத்தினார்கள். முதல் மின்சார டிராம் ஓடியது 1907 மே மாதம்! ஒரு குமாஸ்தாவாகச் சொல்கிறேன், சார்ஜ் ஒப்படைப்பது என்றால் இதுதான்.

பக்கத்துக்காரர் செய்வது நம் வீட்டுக்குள் வரும் என்பதைப் பாலாற்றங்கரைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தோல் கழிவு நம் கிணற்றில் இறங்கிய விவகாரம் 1996-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வரை போனது. ஆனால் கிணற்று நீர் கெட்டால் நாக்குக்குத் தெரியும். காந்தம் கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. அதனால்தான் முன்கூட்டியே கேட்க வேண்டும் என்கிறேன்.

என் சர்வீஸில் எத்தனையோ விண்ணப்பப் படிவங்களைப் பார்த்திருக்கிறேன். ஆய்வகமும் ஆஸ்பத்திரியும் உள்ள வளாகத்தில் டிரான்ஸ்ஃபார்மரோ லிஃப்டோ வைக்கும் படிவத்தில் ஒரே ஒரு கட்டம் கூடுதலாக இருக்கட்டும்: "அருகில் நுண்கருவி உண்டா? அதைக் கவனிப்பவரைக் கேட்டீர்களா?" அதற்குக் கீழே ஒரு கையெழுத்து. செலவு ஒன்றும் இல்லை.

பையனுடைய மைக்ராஸ்கோப்பை இப்போது கட்டடத்தின் மறுகோடிக்கு மாற்றப்போகிறார்களாம். கழற்ற, மாட்ட, மறுபடி சரிபார்க்க என்று வேலை நிற்கும். வைப்பதற்கு முன் அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.