தாராவியின் சொல்லிசை: பண்பாடா, வணிகமா என்பதன்று கேள்வி

மாட்டுங்காவை ஒட்டிய கிங்ஸ் சர்க்கிள் பகுதியில் சண்முகானந்தா அரங்கம் இருக்கிறது. ஏறத்தாழ 2,700 இருக்கைகள் கொண்டது. கட்டணச் சீட்டு வாங்கிக்கொண்டு அங்கே கச்சேரி கேட்கப் போகிறவர்கள், கர்நாடக இசை பண்பாடா வணிகமா என்று வாயிலில் நின்று விவாதிப்பதில்லை. செம்பூர் சபாக்களிலும் அந்தக் கேள்வி எழுவதில்லை. ஆனால் அருகிலுள்ள தாராவியின் இளைஞர் ஒருவர் ராப் பாடிப் பணம் பெற்றுவிட்டால், ஹிப் ஹாப் விலைபோய்விட்டது என்ற கவலை உடனே எழுகிறது. வறியவரின் கலை மட்டும் காசு தொடாமல் தூய்மை காக்க வேண்டும் என்னும் எதிர்பார்ப்பே அக்கவலையின் அடித்தளம்.

வரலாறு இந்த எதிர்பார்ப்பை ஏற்கவில்லை. ஹிப் ஹாப்பின் பிறந்தநாளாகக் கொண்டாடப்படுவது 1973 ஆகஸ்ட் 11. அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸில் டிஜே கூல் ஹெர்க் இசைத்தட்டுகளைச் சுழற்றிய அந்த விருந்துக்கே நுழைவுக்கட்டணம் இருந்தது. பள்ளிக்கு உடை வாங்கப் பணம் திரட்ட அவருடைய தங்கை சிண்டி செய்த ஏற்பாடு அது. வணிகம் இக்கலைக்குள் பின்னர் நுழைந்த அந்நியம் அன்று.

அப்படியாயின் கேட்க வேண்டியது எது? திருநெல்வேலியிலிருந்து குடிபெயர்ந்து தாராவியில் தோல்தொழிலை வளர்த்த தமிழர்களின் அனுபவம் விடை தருகிறது. பை விற்பனையாவது இழிவன்று. தைத்த கை ஒன்றாகவும் பையின்மேல் பதியும் பெயர் வேறாகவும் இருப்பதே சிக்கல்.

சொல்லிசையிலும் இதுவே நிகழ்கிறது. டோப்படெலிக்ஸ் போன்ற தாராவிக் குழுக்கள் தமிழ், இந்தி, மராத்தி, ஆங்கிலம் ஆகியவற்றைக் கலந்து பாடுபவை. இக்கலப்பு மொழிக்குறைபாடு அன்று. வீட்டில் ஒன்று, தெருவில் ஒன்று, வேலையிடத்தில் ஒன்று என வாழும் சமூகத்தின் இயல்பான பேச்சு அது. 2018இல் வெளியான ‘காலா’ அக்குழுவுக்கு இடம் தந்தது. 2019இல் வந்த ‘கல்லி பாய்’ திரைப்படமோ, அந்தேரியின் டிவைன், குர்லாவின் நேசி ஆகியோரின் வாழ்விலிருந்து உந்துதல் பெற்று, தன் நாயகனைத் தாராவியில் குடியமர்த்தி, அவனைப் பெரும்பாலும் இந்தியில் பேசவைத்தது. தாராவி என்னும் பெயர் நாடெங்கும் சென்றது. தாராவியின் பன்மொழிப் பேச்சு அதே அளவில் உடன்செல்லவில்லை. திரைவெளிச்சம் இல்லையேல் அந்த இளைஞர்களைப் பலர் கேட்டிருக்கமாட்டார்கள் என்பதும் உண்மையே. எனினும் கேட்கப்படுவதற்கான விலை, தன் மொழியைப் பாதி கழற்றிவைப்பதாக இருக்கக்கூடாது.

உடைமைக்குச் சட்டத்தில் இடம் உண்டு. பதிப்புரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, திரைப்பாடலுக்கு வரி எழுதியவர், திரையரங்குக்கு வெளியேயான பயன்பாடுகளில் கிடைக்கும் உரிமைத்தொகையில் தமக்குரிய சமபங்கைத் தயாரிப்பாளருக்கு எழுதிக்கொடுத்துவிட இயலாது. தம் வரிகளைத் தாமே எழுதும் சொல்லிசைக் கலைஞர் சட்டத்தின் பார்வையில் பாடலாசிரியரே. இதை அறியாமல் ஒருமுறைத் தொகைக்குக் கையெழுத்திடுபவர், தமக்கு எஞ்சியிருக்கும் உரிமையைக் கேட்கவே மாட்டார்.

ஆகவே, ஆய்வரங்குகள் தூய்மையை அளப்பதை நிறுத்திவிட்டு இரண்டு வினாக்களைக் கேட்கலாம்: எந்த மொழியில் பாடுவது என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? பாடிய வரி யாருடைய பெயரில் இருக்கிறது? இரண்டுக்கும் ‘பாடியவர்’ என்பதே விடையாயின், எவ்வளவு விற்றாலும் அது பண்பாடுதான்.