நாற்றங்காலும் மூலநிரலும்

பாகூர் ஏரிப் பாசனத்தில் நெல் பயிரிடும் உழவர், புதிய விதையொன்று கைக்கு வந்தால் வயல் முழுதும் அதனை விதைத்துவிடுவதில்லை. ஓரத்தில் ஒரு பாத்தி பிரித்து இட்டுப் பார்ப்பார். பொய்த்தால் அப்பாத்தி மட்டுமே போகும். கணினி கற்கும் நம் மாணவர்க்கு இவ்வறிவை நாம் புகட்டினோமா என்பதே ஈண்டு எழும் வினா.

சென்ற ஆண்டு, வில்லியனூரை அடுத்த சிற்றூரிலிருந்து வரும் நம் மாணவர் ஒருவர் கட்டற்ற மென்பொருள் ஆக்கத்தில் பங்குகொள்ள விழைந்தார். வீட்டிலிருந்த ஒரே மடிக்கணினியில், முழு உரிமையோடு சோதனைக் கட்டளைகளை இட்டார். கணினி முடங்கியது. தங்கையின் கல்லூரி விண்ணப்பத்திற்குரிய சான்றிதழ்ப் படிகளும் அதனோடு போயின. "இனி இதைத் தொடாதே" என்றார் தந்தை. அச்சினம் நியாயமானதே. எனினும் பிழை ஆர்வத்தில் இல்லை. பாத்தி பிரிக்காமையில் உள்ளது.

ஆயத்த மென்பொருளை இறக்கி நிறுவாமல், அதன் மூலநிரலைப் பெற்று, பழுதற்றதா எனச் சரிபார்த்து, நம் கணினியிலேயே ஆக்கித் தரும் தொகுப்பு மேலாளர்கள் சில உள. ஃபிரீ பி.எஸ்.டி.யின் 'போர்ட்ஸ்' முறையைத் தழுவி 1997இல் நெட் பி.எஸ்.டி. திட்டத்தில் தோன்றிய 'பேக்கேஜ் சோர்ஸ்' அவற்றுள் ஒன்று. லினக்ஸ், மேக் கணினிகளிலும் அது இயங்கும்.

புதியவர்க்கென அதில் இரு பாத்திகள் உள்ளன. ஒன்று, நிர்வாகி உரிமையின்றியே பயனரின் சொந்த இடத்தில், தனிக் கோப்புறை ஒன்றனுள் யாவற்றையும் நிறுவிக்கொள்ளும் வசதி. தவறினால் அக்கோப்புறையை நீக்கிவிட்டு மீளத் தொடங்கலாம், இயங்குதளம் கெடாது. ஆயினும் சோதனைக்கெனத் தனிப் பயனர் கணக்கும், சொந்தக் கோப்புகளுக்கு வேறிடத்தில் ஒரு படியும் இருத்தல் இன்றியமையாதது. மற்றொன்று, 'விப்' எனப்படும் முயற்சிக் களஞ்சியம். புதியோர் தம் ஆக்கத்தை முதலில் அங்கு இடலாம். பிறர் பார்த்துத் திருத்துவர். தேறியவை பின்னர் முதன்மைத் தொகுப்பில் சேரும்.

தமிழ்த் துறைக்கு இதில் என்ன வேலை என்பார் உளர். சுவடிப் பதிப்பாசிரியர் மூல ஏட்டின்மீது திருத்தம் எழுதுவதில்லை. படியெடுத்து, பாடவேறுபாடு குறித்து, அறிந்தோர் பார்வைக்கு வைத்த பின்னரே அச்சேற்றுவர். நாம் வகுப்பில் கற்பிக்கும் ஒழுக்கமே இது. கருவி மட்டுமே வேறு.

பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், பாகூரில் இருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையளிக்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு கூறும். ஊர்ப் பெரியோரிடமும் நிர்வாகத்தாரிடமும் நாம் வேண்டுவது ஊர்களை அன்று. அலுவலகங்களில் கழித்து வைத்த பழங்கணினிகள் மூன்றினை. அவற்றை ஆய்வகத்தின் ஒரு மூலையில் வைத்து, "கெடுத்துப் பழகலாம்" என்று எழுதி ஒட்டுவோம். "பிள்ளைகள் பாழாக்கிவிடுவர்" என அஞ்சுவோர்க்கு நம் மறுமொழி ஒன்றே: அதற்கெனவே கேட்கிறோம். வீட்டுக் கணினி பிழைக்கும். அம்மாணவரும் தந்தைக்கு அஞ்சாமல் மீண்டும் தொடங்குவார்.