ஓடியாடும் பூனைக்கு இதய நோய் வராதா?

ஆலையடிவேம்பிலும் பக்கத்து அக்கரைப்பற்றிலும் பூனை வளர்க்கும் வீடுகளில் ஒரே பேச்சுத்தான்: "நல்லாத் தின்னுது, மதில் ஏறிப் பாயுது. இதுக்கு எதுக்கு நெஞ்சுப் பரிசோதனை?"

இந்தப் பேச்சு பூனைகளின் உயிரைக் குடிக்கிறது. பூனைகளில் அதிகம் காணப்படும் இதய நோயில், இடது கீழறைச் சுவர் கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்துக்கொண்டு போகும். வெளியே ஒன்றும் தெரியாது. களைத்தால் பூனை படுத்துக்கொள்ளும்; நாயைப் போல இருமுவதும் அரிது. பிரித்தானியக் காப்பகங்களில் சுகமாகத் தெரிந்த பூனைகளை ஸ்கேன் செய்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 15 வீதத்துக்கு இந்த நோய் இருந்தது. 9 வயதைத் தாண்டியவற்றில் அது 29 வீதம். அவற்றில் பெரும்பாலானவை சாதாரண வீட்டுப் பூனைகள். ஆகவே 'பேர்சியன் மாதிரிச் சாதிப் பூனைக்குத்தான் வரும்' என்பதும் நிற்காது. மெயின் கூன், ராக்டோல் இனங்களில் இதற்கான மரபணுப் பிழை கண்டறியப்பட்டது உண்மை. மற்றப் பூனைகள் தப்பின என்று அதற்கு அர்த்தமில்லை.

முடிவு எப்படி வருகிறது என்று பாருங்கள். திடீரெனப் பின்னங்கால்கள் இரண்டும் இழுபட, பூனை அலறும். "பாம்பு தீண்டிட்டு", "ஓட்டோ அடிச்சிட்டு" என்பார்கள். காலைத் தொட்டால் குளிர்ந்திருக்கும். பாதத்தின் மெத்தை வெளிறியோ நீலம் பாரித்தோ கிடக்கும். தொடையிடுக்கில் நாடி இராது. வீங்கிய மேலறையில் உறைந்த இரத்தக்கட்டி, பெருநாடி கிளைபிரியும் இடத்தில் போய் அடைத்துவிட்டது.

'டாக்டர் குழாய் வைத்துப் பார்த்தாரே!' அது போதாது. அதே ஆய்வில் 40 வீதமான பூனைகளுக்கு இதய முணுமுணுப்பு கேட்டது. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நோய் இல்லை. நோயுள்ள சிலவற்றில் சத்தமே கேட்காது. தீர்ப்புச் சொல்வது ஸ்கேன்தான்.

'கண்டுபிடித்தும் என்ன செய்ய?' என்பதில் பாதி நியாயம் உண்டு. தொடக்க நிலைக்கு மருந்து தேவைப்படுவதில்லை. ஆனால் மேலறை பெருத்த பூனைக்கு இரத்தம் உறையாமலிருக்கக் குளோப்பிடோகிரல் கொடுக்கலாம். மனிதருக்கான 75 மில்லிகிராம் மாத்திரையில் கால்வாசி, அதுவும் வைத்தியர் சொன்னால் மட்டும். மயக்க மருந்தும் சேலைனும் கொடுக்கும்போது கவனமாயிருக்கவும் முடியும். நோயறியாத பூனைக்கு அளவு மீறி ஏற்றிய சேலைன் நுரையீரலில் நீர் கோக்கச் செய்துவிடும்.

எல்லாப் பூனையையும் பஸ்ஸில் பேராதனை மிருக வைத்தியசாலைக்குக் கொண்டுபோகச் சொல்லவில்லை. குட்டி ஈன விடப்போகும் சாதிப் பூனை, முணுமுணுப்புக் கேட்ட பூனை, சத்திரசிகிச்சைக்குப் போகும் வயதான பூனை: இவற்றுக்கு ஸ்கேன் தேவை. மற்றவற்றுக்கு வீட்டிலேயே ஒரு வேலை. அசந்து தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒன்றாகக் கணக்கிட்டு, ஒரு நிமிடம் எண்ணுங்கள். அடுத்தடுத்து எண்ணியும் 30க்கு மேலேயே நின்றால் அன்றைக்கே மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் விடியும்வரை வைத்திருக்க வேண்டாம்.